துப்பாக்கியின் மூன்றாவது நம்பர்

கரட்டுப்பட்டியில் வீரசின்னுப் பெரியப்பாவின் ரிவால்வரில் இருந்த நம்பர் ஞானதீபனின் கழுத்தெலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது கவாத்து முடிந்து திராட்சைக் கொடிகள் எல்லாம் பந்தலில் மொட்டையாகக் கிடந்த ஒரு மத்தியானத்தில்; அன்று மழையும் இல்லை, மின்னலும் இல்லை, எந்தச் சாமியாரும் ஊருக்குள் வரவில்லை, ஒரு பல்லிகூடச் சொல்லவில்லை.

வீரசின்னு என் அப்பாவின் அண்ணன். அவருடைய ஒரே மகள் அனுசுயா, எனக்கு அக்கா. ஞானதீபன் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் மாட்டுகிறவன், காலனிக்காரன், எங்கள் பந்தலில் கொடி கட்ட வரும் ராக்கேலின் மகன். அக்காவும் அவனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். இதற்கு மேல் எங்கள் ஊரில் எதையும் விளக்க வேண்டியதில்லை. இதற்கு எதற்குத் துப்பாக்கி என்று நீங்கள் கேட்டால் நீங்கள் ரொம்ப நல்ல ஊரில் பிறந்தவர், அந்த ஊரின் பெயரை எனக்கும் சொல்லுங்கள்.

"கிணத்தடிக் குழாய் ஒழுகுது, வந்து பாரு" என்று பெரியப்பா ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஞானதீபன் பசை டப்பாவும் குழாய் வெட்டும் கத்தியுமாக வந்து குனிந்து பார்த்து, "அய்யா, ஒழுகலையே" என்று நிமிர்ந்தபோது ரிவால்வரின் குழல் அவன் கழுத்தெலும்பில் பதிந்திருந்தது. பெரியப்பா விசையை இழுத்தார். சும்மா மிரட்டத்தான் என்று ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் சொல்வார்கள். அவர்களோடு நான் சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம். குண்டு வரவில்லை, நம்பர் வந்தது. பிறகு ஞானதீபன், "அய்யா, சுடுதுங்கய்யா, குழல எடுங்க" என்றான். பெரியப்பா எடுத்தார். எடுத்த இடத்தில் 41736 என்று இருந்தது.

அந்த நம்பரை எனக்கு நன்றாகத் தெரியும். ஆயுத பூஜை அன்று மட்டும் அந்த ரிவால்வர் பீரோவை விட்டு வெளியே வரும். மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கும் மிஷின், பெரியப்பாவின் புல்லட் வண்டி எல்லாவற்றோடும் வரிசையில் உட்கார்ந்து சந்தனம் வாங்கிக்கொள்ளும். அதன் மேல் வெட்டியிருந்ததையெல்லாம் விரலால் தடவித் தடவித்தான் நானும் அக்காவும் இங்கிலீஷ் எழுத்துப் பழகினோம். குழலின் மேல்பக்கம், செய்த ஊரின் பெயர். இடப்பக்கம், சோதித்துப் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு குட்டிக் கிரீடம். பிடியின் முதுகில் மலைத்தோட்டத்துத் துரையின் பெயரெழுத்துகள். எங்கள் கொள்ளுத்தாத்தா அவருக்குக் குதிரை பிடித்தவர், துரை கப்பல் ஏறும்போது இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம், கொடுத்தாரா இவர் எடுத்தாரா என்பது குடும்பத்தில் கேட்கக் கூடாத கேள்வி. அப்புறம் இரண்டு அம்புகள், முனையோடு முனை முட்டிக்கொண்டு. ஓர் அம்பு மட்டும் இருந்தால் அது பட்டாளத்துச் சொத்து. எதிரே இன்னோர் அம்பைத் தட்டிவிட்டால் பட்டாளம் அதைக் கைகழுவிவிட்டது, இனி இதற்குச் சண்டை கிடையாது என்று அர்த்தம். அந்த இரண்டாவது அம்பை எங்கள் வீட்டில் எவரும் மதிக்கவில்லை.

நம்பர் மூன்று இடத்தில் இருக்கும். குழலில் ஒன்று, குண்டு போடும் உருளையில் ஒன்று, பிடியும் விசையும் மாட்டியிருக்கும் உடம்பில் ஒன்று. மூன்றும் ஒன்றாக இருந்தால் அது பிறந்தபடியே இருக்கிற துப்பாக்கி. மாறியிருந்தால் எதனுடைய குழலையோ எதிலோ மாட்டிய ஒட்டு. எங்களுடையதில் மூன்றும் ஒன்றே. கையால் தட்டிய எண்கள் என்பதால் மூன்றிலுமே ஏழு கொஞ்சம் சாய்ந்து, பக்கத்து மூன்றின் தோளில் தலை வைத்த மாதிரி இருக்கும். வருஷா வருஷம் அந்தக் குழிகளில் சந்தனம் இறங்கி இறங்கி எண்கள் மஞ்சளாகவே ஆகிவிட்டிருந்தன. ஞானதீபனின் எலும்பு மேல் இறங்கியதும் அதே காய்ந்த சந்தன நிறம்தான். அதிலும் ஏழு சாய்ந்திருந்தது.

அதே நேரத்தில் வீட்டில் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அக்காவின் முழங்கை உள்பக்கத்தில் உருளையின் நம்பர் வந்து இறங்கியது. பெரியம்மா முதலில் பச்சை குத்திக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்து அறைந்தார், பிறகு சாய்ந்த ஏழைப் பார்த்தார், பிறகு அரிசிப் பானைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ராக்கேல் மகனின் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது இரண்டே கேள்வி. "வலிக்குதாடா?"

"இல்லம்மா."

"அந்தப் பொண்ணு மேலயும் இருக்காமே, அதுக்கு வலிக்குதா?"

"தெரியலம்மா."

"விசாரி" என்று சொல்லிவிட்டுத் தேங்காயெண்ணெய் எடுத்து நம்பரின் மேல் தேய்த்தார். "அவுக வீட்டுச் சாமான்ல ஒண்ணாச்சும் நம்ம பக்கம் வந்துச்சே."

ஊர் இதற்கு ஒன்றும் மூக்கில் விரல் வைக்கவில்லை. எங்கள் ஊர் எதையும் அதிசயம் என்று ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொண்டால் அதற்கு மரியாதை செய்ய வேண்டிவரும். டாக்டர் பார்த்து அரிப்பு இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டீக்கடையில், பஞ்சாயத்து வண்டிக்கு இந்த மாதிரி நம்பர் கேட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேன்சி நம்பர் என்று கூடக் காசு கேட்டிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். பெண் குழந்தைகள் நாலு ஒண்ணு ஏழு மூணு ஆறு என்று சொல்லிக் கயிறு தாண்டினார்கள், ஆறில் கால் தட்டினால் அவுட். கைப்பிள்ளைக்காரிகள் அக்காவின் முழங்கையைத் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் வைத்துக்கொண்டு போனார்கள், சந்தனமாயிற்றே, கெடுதல் செய்யாது. ஊரே நம்பரைப் பற்றிப் பேசியது, விசையைப் பற்றி மட்டும் ஒரு வாய் பேசவில்லை.

நான் மதுரையில் சட்டம் படிக்கிறேன். விஷயம் தெரிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு பிச்சுமணி மனுவை முழுசாகப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"குண்டு வந்துச்சா பாப்பா?"

"விசைய இழுத்தாரு சார்."

"குண்டு வந்துச்சான்னு கேட்டேன்."

"வரல. நம்பர் வந்துச்சு."

"நம்பர் ஏறுனதுக்கு செக்‌ஷன் இல்ல. குடும்பத்து விஷயம், வீட்ல உக்காந்து பேசுங்க. உங்க பெரியப்பாகிட்ட நான் கேட்டதாச் சொல்லு."

பெரியப்பாவின் பங்காளி சடையாண்டி, எனக்குச் சித்தப்பா முறை, வீட்டுக்கே வந்து பேசினார். அவர் பேச்சு அறுப்புக்கு ஆள் பேசுகிற மாதிரி இருக்கும். "உன்னால முடியலைன்னா தள்ளுண்ணே. அரிவாளுக்கு நம்பர் கிடையாது." பெரியப்பா கழுத்தைச் சுற்றியிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் எலெக்‌ஷன் அறிவித்தார்கள். எலெக்‌ஷன் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அன்றைக்கு ஸ்டேஷன் வாசலைப் பார்க்க வேண்டும்: காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த இரட்டைக்குழல்கள், பேங்க் வாட்ச்மேனின் ஒற்றைக்குழல், யாரோ செத்துப்போன மிலிட்டரிக்காரரின் ரைபிள், எல்லாம் பழைய வேட்டியில் சுருட்டப்பட்டு, பிரசவத்துக்கு வந்த மாதிரி வரிசையில் காத்திருக்கும். பெரியப்பா ரிவால்வரை ஜவுளிக்கடை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். நான் விடாமல் பின்னாலேயே போனேன்.

புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் வடிவு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிரீடம் இருந்தது, துரையின் எழுத்து இருந்தது, இரண்டு அம்புகளும் முட்டிக்கொண்டு இருந்தன. நம்பர் இருக்க வேண்டிய மூன்று இடமும் நாக்கால் நக்கிய தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

"நம்பர் எங்க பெரியவரே?"

பெரியப்பா சுவரைப் பார்த்தார். பிச்சுமணிதான் சொன்னார். "மேடம், குழல் நம்பர் காலனிப் பையன் மேல. உருளை நம்பர் இவரு மக மேல. ஊருக்கே தெரியும்."

"உடம்பு நம்பர்?"

"அது எங்க போச்சுன்னு தெரியல மேடம்."

இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புக் இல்லாத வண்டியைப் பிடித்தவர் மாதிரி சலித்துக்கொண்டார், அவ்வளவுதான். "நம்பர் இல்லாத துப்பாக்கிய வச்சிருந்தா உள்ள போகணும், தெரியுமா?"

என் வாய் எனக்கு முன்னாலேயே புறப்பட்டுவிட்டது. "நம்பர் இல்லைன்னு யார் மேடம் சொன்னது? இருக்கு. நீங்க லைசென்ஸ் குடுத்தது இரும்புக்கா, நம்பருக்கா? லைசென்ஸ்ல இரும்போட எடையா எழுதியிருக்கு? நம்பர்தானே எழுதியிருக்கு? அப்ப நம்பர் எங்க இருக்கோ அங்கதான் துப்பாக்கி இருக்கு. அதையும் ஒப்படைக்கச் சொல்லுங்க. ஒப்படைக்கிற வரைக்கும் அதுக்குச் சேதம் வராமப் பாத்துக்கறது லைசென்ஸ்காரர் பொறுப்பு. ஒப்படைச்ச பிறகு ஸ்டேஷன் பொறுப்பு. ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

"எந்தக் காலேஜ்?"

"மதுரை. மூணாம் வருஷம்."

"வாய் மட்டும் முன்னாலேயே பாஸாயிடுச்சு போல" என்றார் இன்ஸ்பெக்டர். ரிவால்வரை மேஜையில் வைத்தார். அப்புறம் பிச்சுமணியிடம், "ஜீப்ப எடுங்க. அந்தப் பையனையும் பொண்ணையும் பத்திரமா கூட்டிட்டு வாங்க. தூசி படக் கூடாது" என்றார்.

மனுஷனாக இருந்தவரை ஞானதீபனுக்கு ஒரு செக்‌ஷன்கூடக் கிடையாது. துப்பாக்கியின் ஒரு பாகம் ஆனதும் துப்பாக்கி தாங்கிய போலீஸ் காவல், ஜீப், மேலே பேன். இதைச் சொல்லும்போது நீங்கள் சிரிப்பீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை, ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்று அழுதேன், கோபத்தில்தான்.

"ரெண்டு பேரையும் ஒரே எடத்துலயா?" என்று பெரியப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ஒரே துப்பாக்கியோட பாகம் பெரியவரே. பிரிச்சு வச்சா, மாத்திக் குடுத்துட்டோம்னு நாளைக்கு நீங்களே வந்து நிப்பீங்க."

அப்படியாக அக்காவும் ஞானதீபனும் ஆயுத அறைக்கு முன்னால் இருந்த வராந்தாவில், மணிக்கட்டில் ஆளுக்கொரு அட்டைச் சீட்டுக் கட்டிக்கொண்டு, நடுவில் ஒரு பெண் போலீசும் அவர் மடியில் வேர்க்கடலைப் பொட்டலமுமாக, வாழ்க்கையில் முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இரவில் அக்காவுக்குப் பெண் போலீஸ் குவார்ட்டர்ஸ், அவனுக்கு வராந்தா பெஞ்ச். வெளியே மைக் கட்டிய ஆட்டோக்கள் எங்கள் பொன்னான வாக்குகளைக் கேட்டுக்கொண்டு போயின. உள்ளே அவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? ஒன்றுமே இல்லை. மூன்று வருஷமாக வாய்க்கால் மறைவில் கிசுகிசுவென்று பேசியே பழகியவர்களுக்குச் சத்தமாகப் பேச என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. கடைசியில் ஞானதீபன், "இந்தக் குழாய் ஒழுகுது" என்று எழுந்து போய் ஸ்டேஷன் குழாயைச் சரி செய்தான்.

ஒப்படைத்த துப்பாக்கியைச் சொந்தக்காரர் அவ்வப்போது வந்து பார்த்து எண்ணெய் போட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம், ஈரக்காற்றில் துருப்பிடித்துவிடும். பெரியப்பாவும் வந்தார். முதல் நாள் மஞ்சப்பையிலிருந்து ரிவால்வருக்கு மட்டும் எண்ணெய் எடுத்துப் போட்டுத் துடைத்தார், பக்கத்தில் ஆளே இல்லாத மாதிரி. மறுநாள் பெரியம்மா கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியை மகள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் சட்டி பெரிதாகிவிட்டது. யார் பெரிதாக்கினார்கள் என்று பெரியம்மாவைக் கேட்டால் "ஒங்க பெரியப்பாவுக்குச் சின்னச் சட்டி கையில நிக்கலையாம்" என்றார். ஒரு நாள் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டில் ஒன்றைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே, "காயவிடக் கூடாது. காஞ்சா வெடிக்கும்" என்றார்.

"சரிங்கய்யா" என்றான் ஞானதீபன், மரத்தைப் பார்த்து.

"அரிக்குதா?"

"இல்லங்கய்யா. வெயில்ல மட்டும் கொஞ்சம் சுர்ருங்கும்."

"ம்ம். சுர்ருங்கும்" என்றார் பெரியப்பா, தெரிந்தவர் மாதிரி. அப்போது அதை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. எதிரியின் வாயிலிருந்து வருவதையெல்லாம் மறுப்பதற்காகவே கேட்கிற புத்தி எனக்கு.

இதனால் அவர் நல்லவராகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. விசையை இழுத்த விரல் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தூக்கினால் கணக்கு நேராகிவிடாது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஓட்டு எண்ணப்போகிற வாரம் நெருங்கியபோது இன்ஸ்பெக்டர் எங்களைக் கூப்பிட்டு விதியைச் சொன்னார். சட்டத்தின் கண்ணில் குழலும் உருளையும் மாட்டுகிற சாமான்கள்தான். துப்பாக்கி என்பது உடம்பு. உடம்பின் நம்பரைக் காட்டினால் மூன்றையும் சேர்த்து லைசென்ஸ்காரர் பொறுப்பில் திருப்பிக் கொடுப்பார், சேதம் வந்தால் அவர் ஜெயிலுக்குப் போவார். காட்டாவிட்டால் இரும்பு உருக்கப் போகும். மற்ற இருவரும் வெறும் ஆட்கள். கட்டியிருக்கும் சீட்டை அவிழ்த்து, வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட வேண்டியதுதான்.

வாசலில் என்ன இருந்தது என்றால் சடையாண்டிச் சித்தப்பாவின் ஜீப் இருந்தது. அவர் தினமும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, வராந்தாவைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். "நம்பரு இருக்கற வரைக்கும் துப்பாக்கி" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "அவுத்துவிட்டா ஆளு. என்னங்கிற வக்கீலு?"

அதனால் மூன்றாவது நம்பரைத் தேட ஆரம்பித்தோம். நானும் ராக்கேலும்தான் தொடங்கினோம். ஊர் தானாகச் சேர்ந்துகொண்டது, பாதி இரக்கம், பாதி வேடிக்கை. மகளிர் குழுக் கூட்டத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தார்கள், சலூனில் முடிவெட்ட வந்த ஒவ்வொரு தலையின் பின்புறமும் பார்க்கப்பட்டது, பம்புசெட்டில் குளிக்கிறவர்கள் கையைத் தூக்கிக் காட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் அணிவகுப்பு முடிந்ததும் காது மடல்கள் சோதிக்கப்பட்டன. நம்பர் கிடைக்கவில்லை, ஆனால் மற்றதெல்லாம் கிடைத்தது. அம்மைத் தழும்புகள் கிடைத்தன, புருஷன் வைத்த பீடிச் சூடுகள் கிடைத்தன, அந்தச் சூட்டைப் பார்த்த மகளிர் குழு மறுநாள் அந்தப் புருஷனைத் தேடிப்போய்ப் பார்த்தது, பஞ்சாயத்துத் தலைவரின் தொடையில் மனைவியின் பெயரல்லாத ஒரு பெயர் கிடைத்தது, மேலத்தெருவிலும் காலனியிலும் ஒரே மாதிரி மச்சம் உள்ள இருவர் கிடைத்தார்கள், ஏன் ஒரே மாதிரி என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அந்த இருவரும் அதற்குப் பிறகு ஒருவரைப் பார்த்தால் ஒருவர் வண்டியை நிறுத்தினார்கள். பிறந்த நாள் முதல் ஒரே ஊரில் இருந்தவர்கள் அந்த வாரத்தில்தான் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்தார்கள். சாயந்தரம் ஆனால் ராக்கேல் என்னிடம், "இன்னும் யாரு பாக்கி?" என்று கேட்பார். நான் யோசித்துச் சொல்வேன். அந்தப் பெயரை மட்டும் இருவருமே சொல்லவில்லை. ஊரில் யாருடைய துண்டை வேண்டுமானாலும் விலக்கலாம், அவருடைய துண்டை விலக்கச் சொல்ல யாருக்கு நாக்கு இருக்கிறது?

துண்டு. பெரியப்பாவின் துண்டு எப்போதும் இடது தோளில் கிடக்கும், மடிப்புக் கலையாமல். காலனிக்காரர்கள் எங்கள் தெருவில் நுழையும்போது தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்களே, அதே துண்டு. அவருடையது தோளில் கிடப்பதற்காகத்தான் அவர்களுடையது இறங்க வேண்டியிருந்தது. அந்தத் துண்டு கவாத்து முடிந்த காலத்திலிருந்தே கழுத்தைச் சுற்றி இருந்தது, சித்திரை வெயிலிலும். இது எனக்கு உறைத்தபோது ஓடிப்போய்த் தோட்டத்தில் அவர் முன்னால் நின்றேன்.

"பெரியப்பா, துண்ட எடுங்க."

"எதுக்கு?"

"வேர்க்குதே."

"எனக்கு வேர்த்தா ஒனக்கென்ன?"

"வாசல்ல ஜீப்பு நிக்குது பெரியப்பா. நாளைக்கு ஓட்டு எண்றாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா எடுங்க. இப்ப எடுத்தா அவங்க பிழைச்சுக்குவாங்க."

அவர் பந்தலில் புதிதாக வந்திருந்த தளிரைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். "எடுத்தா நான் என்ன ஆவேன்னு யோசிச்சியா? ஒண்ணு ரெண்டு நாள்ல காலனிப் பய மேல இருக்கற நம்பரும் என் மேல இருக்கற நம்பரும் ஒண்ணுன்னு ஊரு சொல்லும். ஒரே அச்சுல தட்டுனதுன்னு சொல்லும். எங்கப்பன் பேரு, எங்கப்பனோட அப்பன் பேரு..." நிறுத்திவிட்டார். என்ன ஒத்துக்கொண்டோம் என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

என்னிடம் சொல்வதற்கு வண்டி வண்டியாக இருந்தது. அவர் கழுத்துத் துண்டு என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நான் இழுத்துக் காட்டினால் அது பிடிபட்டதாகும், அவர் எடுத்துக் காட்டினால்தான் அது ஒப்படைத்ததாகும்; பிடிபட்ட துப்பாக்கியை யாரிடமும் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். "அவங்களுக்குப் பயமா இருக்கு பெரியப்பா" என்று மட்டும் சொன்னேன். "அக்கா கடலையக்கூடத் திங்க மாட்டேங்குறா." வந்துவிட்டேன்.

மறுநாள் ஓட்டு எண்ணி, யாரோ ஜெயித்து, வெடி வெடித்து முடிந்தது. துப்பாக்கிகளை வாங்க எல்லாரும் ஸ்டேஷன் வாசலில் கூடினார்கள். துப்பாக்கி இல்லாதவர்களும் கூடினார்கள். ராக்கேல் வேப்பமரத்தடியில் ஒரு கையில் மகனுக்கு மாற்றுச் சட்டையோடு நின்றார். ஜீப் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரட்டைக்குழல்கள் போயின, ஒற்றைக்குழல் போனது, மிலிட்டரி ரைபிள் போனது. கடைசியில் வராந்தாவில் இரண்டு பேரும் மேஜையில் ஒரு ரிவால்வரும் மிச்சம். இன்ஸ்பெக்டர் அட்டைச் சீட்டின் முடிச்சில் கை வைத்து, "உடம்பு நம்பர் காட்டறவங்க யாராச்சும்?" என்று கேட்டார்.

ஜீப்பில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஞானதீபன் தன் அம்மாவைப் பார்த்தான்.

"இருங்க" என்றார் பெரியப்பா.

கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். துண்டின் ஒரு முனையைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். பிறகு கழுத்திலிருந்து அவிழ்த்து, நாலாக மடித்து, மடிப்பை நீவி, கக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் தெருவில் எத்தனையோ பேர் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டு ஆள் ஒருவர் வைத்து அன்றுதான் பார்த்தேன். தலையைக் குனிந்தார். பிடரியில், நரைமுடிக்குக் கீழே, காய்ந்த சந்தன நிறத்தில் இருந்தது. ஏழு சாய்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் படித்தார். வாசலில் நின்ற பெண் குழந்தைகளும் கூடவே சொன்னார்கள். நாலு. ஒண்ணு. ஏழு. மூணு. ஆறு.

"அண்ணே, என்ன வேலைண்ணே இது?" என்று ஜீப்பிலிருந்து சடையாண்டிச் சித்தப்பா இறங்கினார்.

பெரியப்பா குனிந்த தலையோடே சொன்னார். "துப்பாக்கி நான்தான்டா. அதுக இல்ல. உருக்கணும்னா என்னைய உருக்கச் சொல்லு."

சித்தப்பா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், இரண்டு கான்ஸ்டபிள்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முதுகும் தழும்புமாக ஒருவரை ஒருவர் பார்த்து முடித்திருந்த கூட்டம் அவரை அப்படியே பார்த்தது. அவர் ஜீப்பில் ஏறினாரே தவிர, போகவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டர் மூன்று நம்பரையும் பெரியப்பா பொறுப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார். மூவரும் நடந்தார்கள், பெரியப்பா நடுவில், அக்கா ஒரு பக்கம், ஞானதீபன் ஒரு பக்கம். எங்கள் தெரு திருப்பம் வந்தது. அங்கே பங்காளிகள் எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள், ஜீப்பும் பின்னாலேயே மெதுவாக வந்துகொண்டிருந்தது. பெரியப்பா கொஞ்சம் நின்றார். பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனை. தன் வீட்டைப் பார்த்தார். பிறகு திரும்பாமல் நேராக நடந்தார், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, காலனிக்குள், பிறந்ததிலிருந்து அவர் கால் படாத சிமெண்டுத் தெருவில், துண்டு கக்கத்திலேயே இருந்தது. நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். பாலத்தோடு ஜீப் நின்றுவிட்டது.

ராக்கேல் எங்களுக்கு முன்னாலேயே ஓடிப்போய்த் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார், வழியை அடைத்துக்கொண்டு. மகனைப் பார்த்தார், அக்காவின் முழங்கையைப் பார்த்தார், பெரியப்பாவை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். எத்தனையோ வருஷமாக 'ஏ ராக்கேலு' என்று வரப்பிலிருந்து கூப்பிட்டவர் வாசலுக்கு வெளியே நின்று கேட்டார்.

"உங்க வீட்ல ஒரு துப்பாக்கிய வச்சுக்க எடம் இருக்குமாம்மா?"

ராக்கேல் யோசித்தார். அவசரமே படவில்லை. "தோட்டா இருக்கா?"

"இல்ல."

"எப்பவுமா, இப்பத்திக்கா?"

"எப்பவும்" என்றார்.

"அப்ப உள்ள வாங்கண்ணே" என்று ராக்கேல் வழிவிட்டார்.

ஸ்டேஷன் மேஜையில் கிடந்த இரும்பை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று எங்களில் யாருக்கும் நினைவு வரவில்லை. இரண்டு அம்புகளும் முட்டிக்கொண்டு அது அங்கேயே கிடந்தது. இங்கே வாசல்நிலை தாழ்வு. பெரியப்பா குனிய வேண்டியிருந்தது. குனிந்தபோது நம்பர் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது, பின்னால் நின்ற எங்கள் எல்லாருக்கும்.